மாரியும் முல்லையும் மக்கட்பெயரும்

(பெயர்சூட்டு விழாவொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மாந்தனுக்கு அவனைக் கேளாமலே கொடுக்கப்பெறும் உடைமைகள் இரண்டு. ஒன்று தாய்மொழி, மற்றொன்று பெயர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணங்கி நிற்பதே இற்றைத் தமிழர் வீடுகளில் காணும் நிலை. தாய் தாலாட்டுவது தமிழில். தாலாட்டில் வரும் பெயரோ தமிழன்று. பொருள் என்னவென்று கேட்டால் தாய்க்கும் தெரியாது, தந்தைக்கும் தெரியாது. "கேட்க நன்றாக இருந்தது, வைத்தோம்" என்பதே விடை. ஒரு குடம் வாங்கும்போதுகூட அதைத் தட்டிப் பார்த்து வாங்கும் மக்கள், எழுபது எண்பது ஆண்டு ஓருயிர் சுமக்கவேண்டிய சொல்லைத் தட்டிப் பாராமல் வாங்கி விடுகின்றனர்.

பெயர் தேடிப் பிறமொழிக் கதவைத் தட்ட வேண்டிய வறுமை தமிழர்க்கு என்றும் இருந்ததில்லை. கூரைக்கு வெளியே வந்து நின்று பார்த்தாலே போதும். முற்றத்தில் முல்லை, வேலியில் நொச்சி, வயற்கரையில் மருதம், வானில் முகில், முகிலுக்குப் பின்னே நிலா. இவ்வளவும் பெயர்களே.

தமிழ் முன்னோர் நிலத்திற்குப் பெயரிட்ட முறையை முதலில் எண்ணிப் பார்க்க. மலையும் காடும் வயலும் கடலும் வறண்ட நிலமும் என வெறுமனே பகுத்துவிட்டு அவர்கள் அமையவில்லை. அந்தந்த நிலத்தில் சிறந்து நின்ற ஒரு பூவை அல்லது மரத்தைத் தேர்ந்து, அதன் பெயரையே நிலத்திற்கும், அந்நிலத்து வாழ்க்கைக்கும், அவ்வாழ்க்கையில் தோன்றும் உள்ளத்து உணர்வுக்கும் இட்டனர். குறிஞ்சி என்றால் செடி. குறிஞ்சி என்றால் மலைநிலம். குறிஞ்சி என்றால் காதலர் கூட்டம். போரும் அவ்வாறே. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மதிலைக் காத்தல் நொச்சி, வென்றால் வாகை. மூவேந்தர்க்கும் அடையாளம் பூவே: சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. உலகில் அரசர் பலர் அரிமாவையும் கழுகையும் அடையாளமாகத் தேடிக்கொண்டிருக்க, வேப்பம்பூவைத் தலையில் சூடி அரியணையில் அமர்ந்தவன் பாண்டியன்.

நிலத்திற்கும் போருக்கும் பூப்பெயர் இட்டவர்கள் மக்கட்கு இடாமல் இருப்பரோ? அள்ளூர் நன்முல்லையார் என்பார் கழகக்காலப் பெண்பாற் புலவர். நல்ல முல்லை! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தாய் தன் மகளை அழைத்த பெயர் இன்றும் எந்த உரையாசிரியர் துணையுமின்றி விளங்குகிறது. கணியன் பூங்குன்றனார் பெயரிலுள்ள பூங்குன்றம் அவரது ஊர், பூத்த குன்று. எல்லா ஊரையும் தம்மூராகக் கொண்ட அப்பெருமகனார் தம் பெயரில் தம்மூரை விடாது சுமந்தார் என்பது எண்ணத்தக்கது.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. குறுந்தொகையைத் தொகுத்தோர்க்குச் சில பாடல்களைப் பாடியோர் பெயர் தெரியவில்லை. அந்நிலையில் அவர்கள் செய்ததென்ன? பாடலில் ஒளிவிட்டு நின்ற இயற்கைக் காட்சியையே எடுத்துப் பாடியவர்க்குப் பெயராக்கினர். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமை கூறியவர் செம்புலப் பெயனீரார். மக்கள் விட்டுப் போன வீட்டு முற்றத்தில் அணில் ஓடியாடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். பாறையில் மோதி இல்லாமற் போகும் நுரையைக் கூறியவர் கல்பொரு சிறுநுரையார். யானை வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிட, அது மீன் பிடித்த தூண்டில்போல் விசும்பில் எழும் காட்சியைத் தந்தவர் மீனெறி தூண்டிலார். காக்கை கரைந்ததைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். இப்பெருமக்களின் பெற்றோர் இட்ட பெயர்கள் பல மறைந்து போயின. அணிலும் நுரையும் மழைநீரும் அவர்களை இன்றுவரை காத்து நிற்கின்றன. பெயரற்றவர்க்குப் பெயரிட நேர்ந்தபோது தமிழ் உள்ளம் எங்கே கைநீட்டியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, இயற்கைப் பெயரைத் தேர்வோர் கருத வேண்டுவன சில. இயற்கைப் பெயர் என்றவுடன் "மலர்" என்று வைத்து முடித்துக்கொள்வது பலர் வழக்கம். நல்ல பெயரே, குறையில்லை. ஆயினும் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியிருக்க, நூறாவதாக ஒரு பொதுப்பெயரையே எடுத்துக்கொள்வது செல்வர் வீட்டுப் பிள்ளை இரந்துண்பது போன்றது. குவளை, ஆம்பல், காந்தள், செருந்தி, வாகை, வேங்கை, கொன்றை என்று தனித்தனிப் பெயர்கள் காத்துக் கிடக்கின்றன. அல்லி இனத்து ஆம்பல் இரவில் மலர்வது. காந்தள் கார்காலத்தில் நெருப்புப்போல் ஒளிவிடுவது. அதுவே தமிழ்நாட்டு அரசு மலர். வேங்கை என்பது பொன்னிறப் பூ உதிர்க்கும் மரம். புலிக்கும் அதுவே பெயர். ஆண்மகவுக்கு இதனினும் மிடுக்கான பெயரும் உண்டோ?

பூவின் பருவங்களுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்பர். தமிழன் ஒரு பூவை ஒரு நாள் முழுதும் உடனிருந்து பார்த்தான் என்பதற்கு இவ்வேழு சொற்களும் சான்று. ஆனால் இவ்வேழில் கைக்கு வந்ததை எடுத்துச் சூட்டிவிடல் கூடாது. முகை என்பது விரியும் நிலையிலுள்ள மொட்டு. நறுமுகை என்றால் மணமுடைய மொட்டு. பெண்மகவுக்குச் சாலப் பொருந்தும். அலர் என்பது நன்கு விரிந்த பூ. ஆயின் அகப்பொருள் நூல்களில் அதுவே ஊரார் தூற்றும் பழிச்சொல். வீ என்பது உதிரும் பூ. செம்மல் என்பதும் உதிர்ந்து வாடிய பூவே. ஆனால் அச்சொல்லுக்குத் தலைமை, பெருமை என்னும் பொருளும் உண்டாகலின், "தமிழ்ச்செம்மல்" எனப் பட்டம் தருகின்றனர். அவ்விரண்டாம் பொருளில் ஆண்மகனுக்கு இடலாம். பொருளறியாது அலர் என்று வைத்துவிட்டுப் பின்னர் அகநானூறு பயிலும் மகளிடம் விழிப்பது பெற்றோர்க்கு அழகன்று.

எழிலி என்னும் பெயர் இப்போது பரவி வருகிறது. அழகுடையவள் என்று கருதியே பலர் இடுகின்றனர். பழந்தமிழில் எழிலி என்றால் முகில். எழுந்து உயர்வது, மழை தருவது. பெற்றோர் அழகை எண்ணி வைத்தனர். மொழி அவர்களறியாமலே மழையைக் கொடுத்தது! தவறில்லை, ஆயினும் அறிந்து வைத்தல் நன்று. பூவை என்பதும் அத்தகையதே. பூப்போன்றவள் என எண்ணுவர். அது பேசும் பறவையாகிய நாகணவாய்க்கும் பெயர், காயாம்பூவுக்கும் பெயர்.

காற்றுக்கும் தமிழன் திசைக்கொரு பெயரிட்டான். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தென்றல் என்று பெயர் பூண்ட பெண்கள் உண்டு. வாடை என்று எவரும் வைத்ததில்லை, வைக்கவும் வேண்டா. தனித்திருப்போரைக் குத்தும் குளிர்காற்று அது. கொண்டல் மட்டும் ஏனோ கேட்பாரற்றுக் கிடக்கிறது. மழை கொணரும் காற்று, மழைமுகிலுக்கும் பெயர். ஆண்பிள்ளைக்கு ஏற்ற பெயர் தேடுவோர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்பிள்ளை என்றவுடன் ஒரு குறையைச் சுட்டியாகல் வேண்டும். தமிழ்ப்பெயர் வைக்கும் வீடுகளிலும், மகளென்றால் பூவும் கொடியும் நிலாவும், மகனென்றால் வேந்தனும் வெற்றியும் வேலும் என்று பங்கு பிரித்துவிடுகின்றனர். இது முன்னோர் பிரித்த பங்கன்று. மருதன் இளநாகனார் ஆண்மகன். மருதமரம் அவர் பெயரில் நிற்கிறது. 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலேறிய மாவீரர் இருவர்க்கும் மருது என்பதே பெயர். கதிர், முகிலன், கடலன், கடம்பன், பொழிலன் முதலாயின மகனுக்கு மென்மை கூட்டுமே தவிர ஆண்மை குறைக்கா.

படித்தோர் தேடித் திரியும் இப்பெயர்ச் செல்வத்தைச் சிற்றூர் மக்கள் தேடாமலே வைத்திருந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது. மாரிமுத்து என்று வைத்தான் உழவன். மாரி என்றால் மழை. மழைத்துளியே முத்து என்று கொள்வார்க்கு அதனுள் ஒரு பாட்டே அடங்கியிருக்கிறது. காவிரிக்கரையில் பொன்னி, அது காவிரியின் பெயர். மயில், குயில், கிளி, அன்னம், பூங்கொடி, வெள்ளையன், முத்து, பவளம். இவற்றை "நாட்டுப்புறப் பெயர்" என்று எள்ளி நகையாடி, நகரத்தார் போய் வாங்கி வந்தவை என்ன? மயிலுக்கு மயூரி, குயிலுக்குக் கோகிலா, அன்னத்திற்கு அம்சா, கொடிக்கு இலதா. அதே பறவை, அதே கொடி! வீட்டுக் கிணற்றில் நீரிருக்க, அடுத்த தெருவில் விலைகொடுத்து அதே நீரை வாங்கிய கதை இது.

இவ்வளவு இருந்தும் தமிழ்ப்பெயர் வீட்டு வாயிலோடு நின்றுவிடுவதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று கணியன் எழுதித் தரும் எழுத்து. மற்றொன்று பாட்டன் பெயர்.

குழந்தை பிறந்தவுடன் நாண்மீனைக் கணித்து, "இந்த எழுத்தில் தொடங்கும் பெயரே வைத்தல் வேண்டும்" என்று கணியர் கூறிவிடுகின்றனர். பெற்றோர் அவ்வெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயருக்கு அலைகின்றனர். அவ்வெழுத்துகள் எங்கிருந்து வந்தன? இருபத்தேழு நாண்மீன், ஒவ்வொன்றுக்கும் நான்கு கால், ஆக நூற்றெட்டுக் கால்களுக்கு நூற்றெட்டு ஒலிகளை வடமொழி எழுத்துமுறைப்படி பகுத்துக் கொடுத்திருக்கின்றனர். அசுவினியின் நான்காம் காலுக்கு "லா". பரணிக்கு "லி, லு, லே, லோ". தமிழ்ச்சொல் எதுவும் லகரத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் கற்ற மாணவர் அறிவர். எனவே பரணியில் பிறந்த தமிழ்க்குழந்தைக்குத் தமிழ்ப்பெயரே கிடையாது என்றாகிறது! பூசத்திற்கு "ஹு, ஹே, ஹோ". தமிழ் நெடுங்கணக்கில் அவ்வெழுத்தே இல்லை. அத்தத்திற்கு "ஷ"வும் "ண"வும். திருவாதிரைக்கு வந்துள்ள நான்கனுள் ஒன்று "ங".

இந்த "ங"வைச் சற்று நின்று பார்க்க. தமிழில் ஙகரத்தில் தொடங்கும் மக்கட்பெயர் இல்லை. சரி, வடமொழியில் உண்டோ? அதிலும் இல்லை. எம்மொழிக்காரரும் வைக்க முடியாத பெயருக்குரிய எழுத்தை அட்டவணையில் எழுதி வைத்திருக்கின்றனர். அக்கால் வந்தால் கணியரே வேறெழுத்தைக் கூறி அமைந்துவிடுகின்றார். அவர் ஙகரத்திற்கு வளைந்து கொடுப்பது போலவே லகரத்திற்கும் ஹகரத்திற்கும் வளைந்து கொடுக்கலாமே! தமிழ் என்று வரும்போது மட்டும் ஏன் வளையாமை? நாண்மீனில் நம்பிக்கையுடையோர் அந்நம்பிக்கையை வைத்துக்கொள்ளட்டும். அது அவரவர் உள்ளம். எழுத்தை மட்டும் தமிழ் எழுத்தாகக் கேட்டுப் பெறட்டும்.

இரண்டாம் தடை பாட்டன் பெயர். இது எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று, அன்பில் வேரூன்றியது. மகன் பிள்ளையைப் பேரன் என்று ஏன் அழைக்கின்றனர்? பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி; அவளே பேத்தி. உறவுமுறைச் சொல்லிலேயே பெயர்மரபை வைத்துள்ள இனம் தமிழினம். ஆகலின், "தாத்தா பெயர் வேண்டா, தமிழ்ப்பெயரே வேண்டும்" என்று இளையோர் முரண்டுவதும், "என் அப்பா பெயர் இல்லாத பிள்ளை எனக்குப் பேரனா?" என்று முதியோர் கண்கலங்குவதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. இருபாலும் நியாயம் இருக்கையில் வழக்கு முடிவதில்லை.

முடிக்க ஒரு வழியுண்டு. அதை முன்னோடிகள் காட்டிச் சென்றுள்ளனர். சூரியநாராயண சாத்திரியார் (1870 – 1903) சூரியனைப் பரிதியாகவும், நாராயணனை மாலாகவும், சாத்திரியைக் கலைஞராகவும் ஆக்கிப் பரிதிமாற்கலைஞர் ஆனார். ஞாயிறு ஞாயிறாகவே இருந்தது, மொழிதான் மாறிற்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட வேதாசலனார் மறைமலையடிகள் ஆனார். வேதம் மறை, அசலம், அசையாதது, மலை. அவர் பெயரிலிருந்த மலையை அவர் இறக்கி வைக்கவில்லை, தமிழ் மலையாக்கினார். பெற்றோர் இட்ட பெயரை அவர்கள் அழிக்கவில்லை, பெயர்த்தனர்.

பாட்டி புட்பம் என்றால் பெயர்த்தி பூமலர் ஆகலாம். பங்கயம், கமலம், சரோசா மூவரும் தாமரையே. சந்திரா நிலா ஆவாள். உசா வைகறை ஆவாள். வசந்தா இளவேனில் ஆவாள். தாரா விண்மீன் ஆவாள். பாட்டன் சூரியமூர்த்தி என்றால் பெயரன் கதிரவன். சந்திரசேகரன் என்றால் பிறைசூடன். சாகரன் என்றால் கடலன். மீனாட்சி என்னும் பாட்டிக்கு மதுரைக் கோயிலிலேயே தமிழ்ப்பெயர் இருக்கிறது: அங்கயற்கண்ணி. மீன்போன்ற கண்ணுடையாள் என்பதே இரண்டுக்கும் பொருள்; கயற்கண்ணி என்று அழைத்தால் பாட்டி தன் பெயரைத்தான் கேட்கிறாள். இதை முதியோரிடம் பெயர்சூட்டு நாளன்று திடுமெனச் சொல்லாமல், முன்னரே அருகமர்ந்து பொருளை விளக்கிச் சொல்லுதல் வேண்டும். தம் பெயருக்குப் பொருள் இதுவென்று அறுபது எழுபது அகவையில் முதன்முறை கேட்டு முகம் மலரும் முதியோர் உண்டு.

பெயர் எத்துணைச் சிறந்ததாயினும் வாயால் அழைக்க இயலாததாயின் பயனில்லை. தமிழ்ப்பற்று மிகுதியால் நான்கு சொற்களைக் கோத்து நெடும்பெயராக்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டு, வீட்டில் மட்டும் "பப்பு" என்றும் "சோனு" என்றும் அழைக்கும் தமிழன்பர் சிலர் உளர். ஏட்டில் தமிழ், நாவில் இந்தி! இரண்டு மூன்றெழுத்தில், நாக்கிற்கு எளிதாய், கூப்பிடும் தொலைவுக்குக் கேட்கும் பெயரே வாழும். முல்லை, வாகை, கயல், முகில், கதிர், நிலா என்பவை அத்தகையன.

பதிவுபற்றியும் ஒரு சொல். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்தல் வேண்டும். அதற்குள் பெயரும் முடிவாக வேண்டும் என்று பலர் பதறிக் கணியன் வாயிலுக்கு ஓடுகின்றனர். அஃது இன்றியமையாததன்று. பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம்; பெயரைப் பன்னிரண்டு திங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் பதினைந்து ஆண்டுவரை காலங்கடந்த கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே எண்ணிப் பார்த்து வைக்க நேரமுண்டு. ஆனால் வைத்தபின் மாற்றுதல் எளிதன்று. 2023 அக்தோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச்சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படையாகச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. முதலில் எழுதும் எழுத்தே இறுதிவரை நிற்கும்.

ஆகவே தமிழ்ப்படிவத்தில் பெயரைத் தம் கையால் எழுதிக் கொடுத்தல் நன்று. ஆங்கிலத்தில் எழுதி, அதைப் பார்த்து அலுவலர் தமிழாக்கினால் முகில் மூகிலாகவும், வாகை வகையாகவும் வந்து சேரும். எழிலி, பொழிலன், யாழினி போன்ற ழகரப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றை முடிவுசெய்து, எல்லா ஏட்டிலும் அதையே எழுதுதல் வேண்டும். பள்ளியில் ஒன்றும் கடவுச்சீட்டில் ஒன்றுமாக எழுதிப் பின்னர் அல்லற்படுவோர் பலர். முன்னெழுத்தும் தமிழிலேயே இருத்தல் வேண்டும். 2021 இறுதியில் தமிழ்நாட்டரசே அவ்வாறு ஆணையிட்டுள்ளது. தந்தை பெயர் கண்ணனாயின் "க. முல்லை" என்க.

கடைசியாக ஒன்று. செடியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் அச்செடியைப் பிள்ளைக்குக் காட்டுதல் வேண்டும். நெய்தல் என்று பெயர் பெற்ற சிறுமி நெய்தற்பூவைப் படத்தில் மட்டுமே கண்டிருப்பாளாயின், பொய்கைகளைத் தூர்த்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டதாக முடியும். குறிஞ்சி என்று மகளுக்குப் பெயரிட்டவர்க்குப் பொறுமை வேண்டும். நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பது. மூணாற்று மலைகளில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும் என்று எதிர்பார்க்கின்றனர். 2018-இல் பிறந்த குறிஞ்சிக்கு அப்போது அகவை பன்னிரண்டு. இப்போதே நாட்குறிப்பில் எழுதி வைத்து, அவ்வாண்டு அவளை மலைமேல் அழைத்துச் செல்க.

முல்லைக்கு அத்துணைக் காத்திருப்பு வேண்டா. ஒரு பதியனை வாங்கி வாயிலோரம் நட்டு, பற்றிப் படரக் கொம்பொன்று ஊன்றினால் போதும். கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரையே நிறுத்திச் சென்றான் பாரி. கொம்பொன்று கொடுக்க எவர்க்கும் இயலும். கார்காலத்து மாலையில் அது பூக்கும்.